கருப்பு அரக்கு

மார்கழி 12

இந்த வீட்டில் எனக்கு ஒரு சக்களத்தி உண்டு. வெள்ளிப் பிடி போட்ட வெண்கலச் சக்களத்தி. அவளுக்குத் தனி அறை, தனி விளக்கு, தினமும் புதுப் பட்டு, வாசலில் துப்பாக்கியோடு ஒரு பாராக்காரன். எனக்கு அடுப்படியும் கைப்பிடி கழன்ற வாணலியும். இவர் காலையில் எழுந்ததும் முழிப்பது அவள் முகத்தில்தான்.

இவர் வரகுமலை சமஸ்தானத்து முத்திரை அதிகாரி. மகாராஜா எதைச் சொன்னாலும், யார் எழுதினாலும், அரக்கில் இந்த முத்திரை விழுந்தால்தான் அது உத்தரவு. விழாதவரைக்கும் அந்தக் காகிதத்தில் கடலை மடிக்கலாம். அதற்குத்தான் இத்தனை உபசாரம். என் மாமனார் பார்த்த உத்தியோகம், அவருக்குப் பின் இவர்.

மகாராஜா காசிக்குப் போயிருக்கிறார். மாசி பிறந்துதான் திரும்புவாராம். அவர் ஊரில் இல்லாதபோது முத்திரைதான் மகாராஜா. அதைக் குடை பிடித்துத் தர்பாருக்குக் கொண்டுபோய் சிம்மாசனத்தில் வைப்பார்கள். திவான் அதன் எதிரே கைகட்டி நிற்பார். நல்ல கூத்து.

காலையில் இவருக்கு உடம்பு சுட்டது. கஷாயம் கொடுத்தேன். "வெறும் நீர்க்கோவைதாம்ளா" என்று சொல்லிவிட்டு முத்திரைக்குப் பட்டு மாற்றப் போய்விட்டார்.

மார்கழி 15

நீர்க்கோவையும் இல்லை, ஒன்றும் இல்லை. விஷக்காய்ச்சல். அரண்மனை வைத்தியர் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கஞ்சித் தெளிவு தவிர எதுவும் கூடாது என்றார். எழுந்து நடமாட ஒரு மாதமாவது ஆகுமாம். இவரோ கண்ணைத் திறந்து, "முத்திரைப் பெட்டிக்கு விளக்குப் போட்டியா?" என்கிறார். உயிர் போகிற நேரத்திலும் அவள் நினைப்புதான்.

போட்டேன். போடாமல் என்ன செய்ய?

மார்கழி 17

திவான் வெங்கோப ராவ் நேரில் வந்தார். ஆறடி ஆள், வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தார். இவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அம்மா, இனிமே நீங்கதான் முத்திரை வைக்கணும்."

வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தேன். இல்லை. இவர் பதவி ஏற்ற அன்றைக்கு என்னையும் வலப்பக்கத்தில் நிறுத்தி, என் கட்டைவிரலிலும் குங்குமம் தொட்டு முத்திரையில் வைத்து எடுத்தார்கள். கோயிலில் தம்பதியாக நின்று சங்கல்பம் செய்கிற மாதிரி ஒரு சடங்கு என்றுதான் நானும் நின்றேன். அது சடங்கில்லையாம், சட்டமாம். முத்திரைக்காரன் படுத்துவிட்டால் அவன் பெண்டாட்டி கைதான் முத்திரைக்கை. வேறு யாரும் தொட்டால் கை போகும்.

"நேக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா சமஸ்தானம் நடக்கணுமே. ஒண்ணும் பயப்படாதீங்கோ, நான் படிப்பேன், நீங்க அமுக்கினாப் போதும்."

அமுக்கினாப் போதும். இட்லிக்கு மாவு ஊற்றினால் போதும் என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போகிறார்.

அவர் போன பிறகு இவர் சொன்னார். "அவசரம் எதுக்குன்னு தெரியுதா? புலமாடன் காரியம்."

ஊருக்கே தெரிந்த விஷயம்தான். கார்த்திகை மழையில் கோட்டைக்குளம் தளும்பியபோது, மடைக்காவல் பார்க்கும் புலமாடன் யாரிடமும் கேட்காமல் மடையைத் திறந்துவிட்டான். கரை உடைந்தால் கீழப்பாறை ஊரே போயிருக்கும் என்கிறான் அவன். திறந்த தண்ணீரில் ஓடைப் பாதையில் வண்டியில் வந்த திவானின் மச்சினர் அடித்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கும் புலமாடனுக்கும் ஏற்கெனவே வாய்த்தகராறு. "உன்னத் தண்ணியில விடுதேன் பாரு" என்று சந்தையில் வைத்து இவன் கத்தியிருக்கிறான். ஆக, கொலை என்று தீர்ப்பு. மார்கழியில் வரகுமலையில் தூக்குப் போடுவதில்லை. தை பிறக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். மகாராஜா வந்துவிட்டால் மனு, முறையீடு என்று இழுக்கும். அதற்குள் முடிக்க வேண்டும் திவானுக்கு.

"அதுக்கும் நான்தான் வைக்கணுமா?" என்று கேட்டேன். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மார்கழி 18

முறையெல்லாம் சொல்லித் தந்தார். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். நடுவில் இரண்டு தரம் தூங்கியே போனார். நானும் விடவில்லை, எழுப்பி எழுப்பிக் கேட்டேன்.

உத்தரவைத் திவான் முத்திரையைப் பார்த்துப் படிப்பார். படித்து முடித்து, "முத்திரை கேட்டதா?" என்பார். "கேட்டது" என்று நான் சொல்ல வேண்டும். அரக்கு ஊற்றுவார்கள். சாதாரண உத்தரவுக்குச் சிவப்பு அரக்கு. உயிரை எடுக்கிற உத்தரவுக்குக் கருப்பு. பிடியைச் சுற்றிய பட்டைப் பிரிக்காமல், அடிப்பக்கத்தை மட்டும் விலக்கி அமுக்க வேண்டும். முகம் கீழ்நோக்கி இருப்பதால் நமக்குத் தெரியாது. முகத்தில் மலையும் மானும் மேலே சூரியனும் இருக்கின்றன. எது மேல், எது கீழ் என்று பிடியில் இருக்கும் ஒரு சின்ன மேடு சொல்லும். கட்டைவிரலுக்கு அது தட்டுப்பட வேண்டும். எடுத்ததும் ராயசம், அதாவது உத்தரவு எழுதுகிற நல்லபெருமாள், குனிந்து பார்த்து "சூரியன் மேலே!" என்று கூவுவார். அப்புறம்தான் எல்லாரும் உட்காருவார்கள்.

"கீழே விழுந்துட்டா?"

"அந்தத் தாள் செத்துப் போச்சு. முத்திரை முகத்தத் திருப்பிக்கிட்டுன்னு அர்த்தம். பொறவு மகாராஜாவே வந்து உக்காந்தாத்தான் அந்தக் காரியத்த எடுக்க முடியும். முத்திரைக்காரனுக்கு உத்தியோகமும் போச்சு." சொல்லிவிட்டு அந்தக் காய்ச்சலிலும் ஒரு சிரிப்பு. "எங்க அப்பா காலத்துலயும் விழல, என் காலத்துலயும் விழல."

சாயங்காலம் அரிசி மாவைப் பிசைந்து தட்டி, அதில் அமுக்கிப் பழகினேன். முதல் தரமே நேராக விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். அதுவும் நேர். பட்டுக்குள் அந்த மேடு விரலுக்கு நன்றாகத் தெரிகிறது. இதற்கா தலைமுறை தலைமுறையாக இவ்வளவு அலட்டல்?

மார்கழி 20

நேற்று வரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

காலையில் பெட்டியைத் தூக்கினேன். கனம் என்றால் கனம், நடக்கத் தொடங்கிய பிள்ளையை இடுப்பில் வைத்த மாதிரி. முன்னால் முரசு. பெட்டிக்கு வெண்பட்டுக் குடை, வெயில் எனக்கு. அதுவரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. கடைத்தெருவில் திரும்பியதும் சிரிப்பு போய்விட்டது. செட்டியார் தராசை அப்படியே கீழே வைத்தார். வண்டிக்காரன் இறங்கி மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். வாய் ஓயாத மீன்காரிகள்கூட எழுந்து நின்றார்கள். ஒருத்தர் முகத்திலும் பொய் மரியாதை இல்லை. என்னை யாரும் பார்க்கவில்லை. என் கையில் இருந்ததை மட்டும் பார்த்தார்கள்.

தர்பாரில் சிம்மாசனத்தில் வைத்தேன். அத்தனை தலைப்பாகைகளும் குனிந்தன. வாசல் நிலை இடிக்கிற உயரமுள்ள திவான், கையைக் கட்டி, குரலைத் தாழ்த்திப் படித்தார். மாரியம்மன் கோயில் தெருவில் கிணறு வெட்ட அனுமதி.

"முத்திரை கேட்டதா?"

கேட்டதா என்று உண்மையாகவே திரும்பி அதைப் பார்த்தேன். பட்டுக்குள் சும்மா இருந்தது. ஆனால் ஒரு கணம், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்று தோன்றிவிட்டது. சத்தியமாகத் தோன்றியது.

"கேட்டது" என்றேன்.

அமுக்கினேன். "சூரியன் மேலே!" என்று நல்லபெருமாள் கூவியபோது அத்தனை பேரும் விட்ட மூச்சு என் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து இவரிடம் எதையும் சொல்லவில்லை. அவர்தான் என் முகத்தைப் பார்த்து, "என்னளா, இப்பவும் சக்களத்திதானா?" என்று கேட்டார். போங்க என்றேன்.

மார்கழி 25

பால்காரி பாலைத் தண்ணீராகக் கொண்டுவருகிறாள். சண்டை போட்டேன். இனி முத்திரை அம்மாவிடம் வாயாட மாட்டேன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இது நல்ல சௌகரியம்தான்.

மாரியம்மன் கோயில் தெரு வழியாக வைத்தியர் வீட்டுக்குப் போனேன். கிணறு வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். மண் மலைபோலக் கிடக்கிறது. கீழே இருந்து ஈரச் சேறு கூடை கூடையாக வருகிறது. ஊற்று கண்டுவிட்டதாம். பெண்கள் குலவை போடுகிறார்கள். நான் செய்தது என்ன? கையை ஒரு அமுக்கு அமுக்கினேன். இங்கே பூமி திறந்து தண்ணீர் வருகிறது. அப்படியே நின்றுவிட்டேன். மருந்து வாங்க வந்தவள் என்பது மறந்தே போயிற்று.

மார்கழி 28

கொல்லைப்பக்கம் ஒரு பெண் நின்றாள். கறுத்து ஒடிசலாக, கையில் ஒன்றும் இல்லாமல். பாராக்காரன் கண்ணில் படாமல் எப்படி வந்தாளோ. புலமாடன் பெண்டாட்டி வெள்ளைத்தாய் என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "இங்க வந்து அழுது என்ன பிரயோசனம்? நான் தீர்ப்புச் சொல்லல. நான் வெறும் கை" என்று கத்தினேன்.

அவள் அழவே இல்லை. "ஒங்கள ஒண்ணும் கேக்க வரல தாயி. அதப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிருதேன்."

அறை சன்னல் பக்கம் திரும்பி, விழுந்து கும்பிட்டாள். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "நெசமாவே அதுக்குக் காது கேக்குமா?" என்றாள்.

"அது வெண்கலம்மா."

"எங்க மாடன் சாமியும் கல்லுதான தாயி" என்று சொல்லிவிட்டு வேலி தாண்டிப் போய்விட்டாள்.

அன்று மடையைத் திறக்காவிட்டால் கரை உடைந்திருக்குமா? வண்டி வருவது அவனுக்குத் தெரியுமா? தெரிந்தேதான் திறந்தானா? எனக்குத் தெரியாது. திவானுக்கும் தெரியாது. தெரியாமலே ஒருத்தனைத் தொங்கவிடலாம் என்பதுதான் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

தை 1

பொங்கல். இவருக்கு முதல்முறையாகக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. பெட்டிக்கும் ஒரு கரண்டிப் பொங்கல் படைத்தேன்.

தை 4

திவான் ஆள் அனுப்பினார். ஒன்பதாம் தேதி தர்பார். கருப்பு அரக்கு.

இவரிடம் சொன்னேன். "நான் எந்திரிச்சிருந்தா நான் வச்சிருப்பேன். முத்திரைக்காரனுக்கு மனசு கிடையாது வடிவு, கைதான் உண்டு" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. அப்படியே சாய்த்துப் படுக்க வைத்தேன்.

தை 6

இன்றைக்கு வந்தது ருக்மாபாய். திவானின் தங்கை; தண்ணீரோடு போனவரின் மனைவி. திரை போட்ட பல்லக்கில் வந்தாள். பச்சைப்பிள்ளை மாதிரி முகம். என் கடைசித் தங்கச்சி வயதுதான் இருக்கும். முக்காட்டுக்குள் தலை மொட்டை.

தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"மாமி, நீங்கதான் வைக்கணுமாமே."

"ஆமாம்மா."

"வச்சிடுங்கோ. தயங்காதீங்கோ." அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "கண்ணை மூடினா தண்ணிச் சத்தம் கேக்கறது. அவன் போய்ட்டான்னா நின்னுடும்னு அண்ணா சொல்றார். நேக்குத் தூங்கணும் மாமி."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்ல? நிற்கும் என்றும் சொல்ல முடியவில்லை, நிற்காது என்றும் சொல்ல முடியவில்லை. அவள் போனபிறகு வாய்விட்டு அழுதேன்.

தை 7

விளக்குப் போடப் போனவள் அறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பட்டைப் பிரித்து அதன் முகத்தைப் பார்த்தேன். பாடம் படித்த நாளில்கூட இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. சின்னஞ்சிறு மான், திரும்பிப் பார்க்கிற மாதிரி செதுக்கியிருக்கிறான். எத்தனை ராஜாக்கள், எத்தனை கைகள். இது விழுந்து ஊர்கள் பிறந்திருக்கின்றன, வம்சங்கள் முடிந்திருக்கின்றன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

தை 8

கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்தேன். கொழுக்கட்டை செய்யவில்லை.

தை 9

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தர்பார் நிறைந்திருந்தது. வெளியே கீழப்பாறை ஜனங்கள் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள்; ஒரு சத்தம் இல்லை. அத்தனை பெரிய கூட்டம் அப்படி மௌனமாக இருந்து நான் பார்த்ததில்லை. புலமாடனைச் சங்கிலியோடு கொண்டுவந்து நிறுத்தினார்கள். கட்டையான ஆள். நரை. அவன் என்னைப் பார்க்கவில்லை, முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திவான் படித்தார். "கழுத்தில் கயிறிட்டு உயிர் போகும்வரை" என்ற இடத்தில் அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. கொடூரமான மனிதர் என்று சொல்ல மாட்டேன். பறிகொடுத்தவர்.

"முத்திரை கேட்டதா?"

"கேட்டது."

கருப்பு அரக்கைக் காய்ச்சி ஊற்றினார்கள். தார் மாதிரி ஒரு வாடை. பிடியைப் பற்றினேன். என் கை நடுங்கியது. வெயில், நேற்று சாப்பிடவில்லை, கூட்டம். நடுங்கியது. அமுக்கினேன். எடுத்தேன்.

நல்லபெருமாள் குனிந்தார். நிமிரவில்லை. மறுபடி குனிந்து பார்த்தார். அவர் உதடு மட்டும் அசைந்தது.

"சொல்லும்!" என்றார் திவான்.

"சூரியன்... சூரியன் கீழே."

பிறகு முதல் வரிசையில் இருந்த சுபேதார், மீசை தொங்குகிற கிழவர், தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு தரையில் விழுந்தார். அவருக்குப் பின்னால் ஒருத்தர். அப்புறம் எல்லாரும், அறுத்த கதிர் சாய்கிற மாதிரி. துப்பாக்கி வைத்திருந்தவனும் விழுந்தான். வெளியே யாரோ கத்திச் சொன்னதும் ஜனங்கள் "தாயே!" என்று எழுப்பிய ஒரே குரலில் தர்பார்க் கண்ணாடிகள் அதிர்ந்தன. நின்றுகொண்டிருந்தவர்கள் திவானும் புலமாடனும் நானும்தான்.

திவான் அந்தத் தாளைத் தொடவில்லை. தொட அவராலும் முடியவில்லை. சமஸ்தானத்தில் அவரைவிடப் பெரியவன் அன்றைக்கு இல்லை, கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் முழங்காலும் மெல்ல மடங்கியது.

இவ்வளவு பெரியதா அது?

தை 10

இவரிடம் நல்லபெருமாள் வந்து சொல்லியிருக்கிறார். நான் உள்ளே போனபோது கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கஞ்சி கொடுத்தேன், குடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு தலைமுறை உத்தியோகம். திட்டினாலாவது பரவாயில்லை.

மத்தியானம் திவான் வந்தார். உட்காரவில்லை.

"சட்டம் தெரியுமோ அம்மா? முத்திரை தானாத் திரும்பினா தாள் செத்தது. கை வேணும்னு திருப்பினா தாள் உயிரோடதான் இருக்கு. அவன் தூக்குல, திருப்பின கை ஜெயில்ல. மகாராஜா வரட்டும். முத்திரை மேல கை வச்சு நீங்க சத்தியம் பண்ணணும்."

"பண்ணுதேன்" என்றேன்.

வீட்டைச் சோதனை போடுவார்கள் என்று பால்காரி சொல்கிறாள். போடட்டும். இந்த நோட்டையும் படிக்கட்டும். கை நடுங்கியது என்றுதான் இதில் இருக்கிறது.

தை 19

சோதனை போட்டார்கள். மாவுப் பானைக்குள் எல்லாம் கையை விட்டுப் பார்த்தார்கள். மூன்று படி மாவு வீண்.

தை 26

இவர் கோலூன்றி நடக்கிறார். முத்திரைக்குப் பட்டு மாற்றப் போனவர் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். "நீயே மாத்து" என்றார். பதினேழு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

எனக்கும் உள்ளே போகக் கால் கூசுகிறது. விளக்கை ஏற்றிவிட்டு முகத்தைப் பார்க்காமல் வந்துவிடுகிறேன்.

மாசி 4

மகாராஜா வந்துவிட்டார். இன்றைக்கு விசாரணை.

காசியில் வெயில் பட்டு இன்னும் கறுத்திருக்கிறார். சிம்மாசனத்தில் முத்திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தாளை வாங்கி, கருப்பு அரக்கைத் தடவிப் பார்த்தார்.

"இங்க வாம்மா. கைய வை."

பட்டை அவரே பிரித்தார். வெறும் வெண்கலத்தின் மேல் என் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. வெளியே கீழப்பாறை ஜனங்கள். தூணோரம் வெள்ளைத்தாய். பெண்கள் மாடத்துத் தட்டிக்குப் பின்னால் ஒரு வெள்ளை முக்காடு. இவர் கோலைப் பிடித்துக்கொண்டு முதல் வரிசையில்.

"இது தானாத் திரும்புச்சா? நீ திருப்பினியா?"

இந்த முத்திரையை நான் கேலி செய்த காலம் உண்டு. இன்றைக்கு உலகத்தில் நான் பயப்படுகிற பொருள் இது ஒன்றுதான். பொய் சொன்னால் கை வெந்துவிடும் என்றே நம்பினேன். உண்மை சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். கண்ணை மூடினேன். உள்ளுக்குள் அதனிடமே கேட்டேன்: நீ கேட்டுக்கொண்டுதானே இருக்கிறாய்? என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள். அவனை விட்டுவிடு.

"கை தவறிப் போச்சு மகாராஜா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். இங்கேயும் அவ்வளவுதான் எழுதுவேன்.

கை வேகவில்லை. சில்லென்றுதான் இருந்தது. அந்தச் சில்லிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

மகாராஜா என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தாளைக் கிழித்தார். "தாள் செத்தது. காரியத்த நான் எடுக்கேன். குளத்தப் பாக்கணும்" என்று எழுந்துவிட்டார்.

மாசி 9

ஐந்து நாளாக மகாராஜா குளத்தங்கரையிலேயே இருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் நடந்தாராம். மடைக்கு அந்தப் பக்கம் கரையில் ஆள் இறங்குகிற அளவுக்கு வெடிப்பு. அன்றைக்கு வைக்கோலும் மண்ணும் திணித்து அடைத்தது இன்னும் அப்படியே இருக்கிறதாம். கீழப்பாறையில் வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறார். மடைமேட்டில் நின்று ஓடைப் பாதையைப் பார்த்திருக்கிறார். புளியந்தோப்பு மறைக்கிறது, பட்டப்பகலிலேயே வண்டி தெரியவில்லை.

இன்று தர்பார். திவான் படித்தார். "குற்றமில்லை என்று கண்டு விடுதலை." ஒரு எழுத்தும் விழுங்காமல் படித்தார். அவருக்கு அந்த நேரத்தில் நான் கும்பிடு போட்டிருப்பேன்.

"முத்திரை கேட்டதா?"

பதில் சொல்ல இவர் எழுந்தார். மகாராஜா கையை அமர்த்தினார். "அந்த அம்மாவே வைக்கட்டும். கடைசித் தடவை."

சிவப்பு அரக்கு ஊற்றினார்கள். அமுக்கினேன். எடுத்தேன்.

"சூரியன் மேலே!" நல்லபெருமாள் கத்திய கத்தில் புறாக்கள் பறந்தன.

மகாராஜா குனிந்து பார்த்தார். மயிரிழை சாயாமல் விழுந்திருந்தது. என் கையைப் பார்த்தார்.

"இன்னைக்கு நடுங்கலையே."

"இன்னைக்கு அரக்கு சிவப்பு மகாராஜா."

வாயிலிருந்து வந்த பிறகுதான் சொன்னதே தெரிந்தது. திவான் என்னையே பார்த்தார். மகாராஜா முத்திரையை எடுத்து, தன் கையாலேயே பட்டைச் சுற்றி, பெட்டியில் வைத்து மூடினார்.

"சட்டம் சட்டம்தான். முத்திரைக்காரர் நாளை மறுநாள் கை கழுவட்டும்."

கை கழுவுதல் என்றால் உத்தியோகம் போயிற்று என்று அர்த்தம். இவர் கோலைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

மாடத்தைப் பார்த்தேன். வெள்ளை முக்காடு இல்லை. ருக்மாபாய் தூங்குகிறாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. எப்போதும் வராது என்று நினைக்கிறேன்.

மாசி 11

காலையில் பெட்டியை அரண்மனைக்கு எடுத்துப் போனார்கள். குடை, முரசு, எல்லாம். வாசலில் நின்று தெருமுனை வரைக்கும் பார்த்தேன். சுவரில் விளக்கு வைத்த இடத்தில் எண்ணெய்க் கறை. தேய்த்துக் கழுவலாம் என்று துணியோடு போய், கழுவாமல் வந்துவிட்டேன்.

கை கழுவுவது ஓடுகிற தண்ணீரில் இருக்க வேண்டும் என்பது முறை. கோட்டைக்குள மடைக்குப் போனோம். இவர் முன்னால், நான் பின்னால், சாட்சிக்கு நல்லபெருமாள். மடைமேட்டில் புலமாடன் நின்றான். சங்கிலி இருந்த இடத்தில் கணுக்காலில் புண் ஆறிக்கொண்டிருந்தது. பலகையைப் பிடித்து இழுத்தான். தண்ணீர் வந்தது.

இவர் குனிந்து கையை விட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து விட்டேன். வெள்ளம் இழுக்கிற இழுப்பில் விரல்கள் நிற்கவில்லை.

"வடிவு, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார் இவர்.

"கேக்காதீங்க."

கேட்கவில்லை. தண்ணீருக்குள்ளேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த இரண்டு மாதமாக நான் தொட்டுப் பழகிய அத்தனையையும்விடப் பெரியதாக இருந்தது அந்தக் கை.

மேலே இருந்து புலமாடன் கேட்டான். "தண்ணி போதுமா தாயி? இன்னும் தெறக்கவா?"

"போதும்யா, அடச்சிரு" என்றேன். அவன் பலகையை இறக்கினான்.